உயராத ஒரு கை

(அரசியல் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மண்டபம். மேடையிலே தலைவர். எதிரிலே நாட்டின் தலையெழுத்தையே எழுதும் தலைமைக் குழுவினர். தீர்மானம் ஒன்று படிக்கப்படுகிறது. "ஆதரிப்போர் கை தூக்கலாம்" என்று குரல் எழுகிறது. எழுந்த குரல் அடங்குமுன் கைகள் எழுகின்றன. போர்க்களத்திலே துப்பாக்கி பிடித்த கைகள்! சட்டம் எழுதிய கைகள்! எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. ஒரே ஒரு கை உயரவில்லை. அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர், மேசைமீது தலை கவிழ்த்து அமர்ந்திருக்கிறார்.

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே இது என் கற்பனைக் காட்சியோ என்று ஐயுறுவீர்கள். அன்று, தோழர்களே! இது நடந்த நிகழ்ச்சி. ஆண்டு 1968, திங்கள் அக்டோபர், இடம், இன்று பெய்ஜிங் என்று அழைக்கப்படும் பீகிங் நகரம். கூடியது சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு. தீர்மானமோ, அந்நாட்டின் குடியரசுத் தலைவர் லியூ ஷாவோ சி துரோகி, கட்சியிலிருந்து என்றென்றைக்கும் விலக்கப்படுகிறார் என்பது. கை தூக்காத அம்மையாரின் பெயர் சென் ஷாவோமின். ஜப்பானியரை எதிர்த்துப் படை நடத்தியவர். நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர்.

சர்வாதிகாரி எப்படி அரியணையிலே நிலைக்கிறான்? போட்டியாளர்களை எப்படிச் சாய்க்கிறான்? இவ்வினாவை எழுப்பினால், சிறையைக் காட்டுவார்கள், தூக்குமேடையைக் காட்டுவார்கள், துப்பாக்கியைக் காட்டுவார்கள். நான் காட்ட விரும்புவது அவற்றையல்ல, உயர்ந்த கைகளை! துப்பாக்கி பின்னால் வருவது. அதற்கு முன்னால் கை வருகிறது. அந்தக் கை பகைவனின் கையன்று, தோழனின் கை. நாளை வெட்டப்படப் போகிறவனே, இன்று வெட்டப்படுகிறவனுக்கு எதிராகத் தூக்கிய கை!

எழுதியதோ கடிதம், எழுந்ததோ புயல்!

கதையின் தொடக்கத்தைக் காணப் பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1949-இல் சீனத்தின் செங்கொடி ஏறியது. நிலப்பிரபுக்களின் கொட்டம் அடக்கியவர், நூறாண்டுக் கால அவமானத்தைத் துடைத்தவர் என்று மா சே துங்கை மக்கள் போற்றினர். அந்தப் புகழிலே பொய்யில்லை. ஆனால், புகழ் என்பது தேன் போன்றது தோழர்களே! தொட்டுச் சுவைத்தால் மருந்து. தொட்டியிலே விழுந்தால் ஈயின் கதி!

1958-இல் "முன்னோக்கிய பெரும் பாய்ச்சல்" என்றார் மா சே துங். ஊர்கள் கம்யூன்களாயின. கொல்லைப்புறத்து உலைகளிலே சட்டியும் கரண்டியும் உருகின, உதவாத இரும்பாக. வயலிலே விளைந்தது ஒரு மடங்கு. ஏட்டிலே விளைந்தது பல மடங்கு! குறைத்து எழுதினால் பிற்போக்காளன் என்ற பழி; கூட்டி எழுதினால் கொள்கை வீரன் என்ற பட்டம். எந்த அதிகாரி குறைத்து எழுதுவான்? ஏட்டு விளைச்சலை வைத்து அரசாங்கம் தானியம் கொள்முதல் செய்தது. ஏட்டிலே இருந்த நெல்லைக் களத்திலே காணோம். ஆகவே உழவனின் குதிரிலே கை வைத்தனர்.

1959 ஜூலையில் லூ ஷான் மலையிலே தலைவர்கள் கூடினர். அங்கே ஒருவர் வாய் திறந்தார். அவர் பெங் தெ ஹுவாய், பாதுகாப்பு அமைச்சர், கொரியப் போரிலே சீனப் படைகளை நடத்திச் சென்ற தளபதி. ஏழைக் குடியிலே பிறந்து, சிறுவயதிலே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். பட்டினியை நூலிலே படித்தவரல்ல, வயிற்றிலே படித்தவர். சொந்த மாநிலமாகிய ஹுனானுக்குச் சென்று நிலைமையைக் கண்ணாரக் கண்டு வந்தவர். ஜூலை 14-ஆம் நாள் மா சே துங்குக்குத் தனிப்பட்ட முறையிலே ஒரு கடிதம் எழுதினார். கடுஞ்சொல் நிரம்பிய கடிதமா? இல்லை. சாதனைகளை முதலிலே பாராட்டி, பிறகு பணிவோடு பிழைகளைச் சுட்டிய கடிதம்.

தலைவர் என்ன செய்தார்? அழைத்துப் பேசினாரா? மறுத்து எழுதினாரா? இல்லை! தனக்கென வந்த கடிதத்தை அச்சிட்டு, இரண்டே நாளில் கூட்டத்தினர் அனைவருக்கும் வழங்கச் செய்தார். ஜூலை 23-ஆம் நாள் எழுந்து பேசினார். தாம் கைவிடப்பட்டால் நாட்டுப்புறம் சென்று உழவர்களைத் திரட்டி அரசாங்கத்தையே கவிழ்ப்பேன், படை தம்மோடு வராவிட்டால் வேறொரு செஞ்சேனை திரட்டுவேன் என்ற பொருள்பட முழங்கினார்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது, கூர்ந்து கவனியுங்கள். பெங் எழுப்பிய கேள்வி, "உழவனுக்குச் சோறு உண்டா?" என்பது. அதைத் தலைவர் மாற்றி எழுப்பிய கேள்வி, "உங்களுக்கு நான் வேண்டுமா, அவன் வேண்டுமா?" என்பது. முதற் கேள்விக்கு விடை காண வயலுக்குப் போக வேண்டும். இரண்டாம் கேள்விக்கு விடை காண முகத்தைப் பார்த்தாலே போதும்! எதேச்சாதிகாரத்தின் முதற் பாடம் இதுதான்: கொள்கை பற்றிய கேள்வியை விசுவாசம் பற்றிய கேள்வியாக்கிவிடு, பிறகு எவனும் கணக்குக் கேட்கமாட்டான்.

அந்த மலையிலே கூடியிருந்தோர் முகத்தைப் பார்த்தனர். குடியரசுத் தலைவர் லியூ ஷாவோ சி, பெங்கைக் கண்டித்தார். பிரதமர் சூ என் லாய் கண்டித்தார். லின் பியாவோ காய்ந்து விழுந்தார். முதுபெரும் தளபதி சூ தே மட்டும் சற்று மென்மையாகப் பேசினார். உடனே மா சே துங் தம் காலைத் தூக்கி, காலணியின் மேலே சொறிந்து காட்டினாராம்! செருப்புக்கு மேலே சொறிந்தால் அரிப்பு அடங்குமா என்பது அதன் பொருள். கண்டித்தால் மட்டும் போதாது, தோல் கிழியக் கண்டிக்க வேண்டும் என்பது கட்டளை. பழைய நண்பனை மென்மையாக அடிப்பதற்கும் அங்கே உரிமை இல்லை!

பெங் பதவி இழந்தார். அந்த நாற்காலி லின் பியாவோவுக்குப் போயிற்று. தளபதி ஒருவரை வீழ்த்தி, அவர் இடத்திலே வேறொரு தளபதியை அமர்த்திய பிறகு, புதியவருக்குக் கடமை ஒன்று பிறந்துவிடுகிறது: பழையவர் ஒருநாளும் எழக்கூடாது! வீழ்ந்தவனுக்குக் காவல், அவன் இடத்தைப் பெற்றவன். இதைவிட மலிவான காவல் எந்த அரசனுக்குக் கிடைக்கும்?

தோழர்களே! அந்தப் பெங்குக்காக நான் கண்ணீர் சிந்துகிறேன்; ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். அதற்கு முந்திய ஆண்டு, 1958-இல், இராணுவக் குழுவின் கூட்டத்திலே சூ யூ என்ற தளபதி கண்டனக் கணைகளுக்கு இலக்காகிப் பதவி இழந்தார். கணை தொடுத்தவர்களின் முன்வரிசையிலே நின்றவர், இதே பெங் தெ ஹுவாய். அன்று அவர் தூக்கிய கை, மறு ஆண்டு லூ ஷான் மலையிலே அவருக்கு எதிராகவே உயர்ந்தது, வேறு பலர் தோளிலே!

விலை கொடுத்தவர் யார்?

ஒரு தளபதி பதவி இழந்தால் நாட்டுக்கென்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டத்தைச் சொல்கிறேன், நெஞ்சைக் கையிலே பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

லூ ஷானிலே பெங் வீழ்ந்த சேதி மலையிறங்கி ஊருக்குப் போயிற்று. "வலதுசாரிச் சந்தர்ப்பவாதிகளை" வேட்டையாடும் இயக்கம் தொடங்கிற்று. முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்சியினரும் ஊழியர்களும் அந்த முத்திரை குத்தப்பட்டனர். பிழையைத் திருத்தக் கூடியிருந்த மாநாடு, பிழையைச் சொன்னவரைத் திருத்தி முடிந்தது. பாய்ச்சல் மீண்டும் பாய்ந்தது. அடுத்து வந்த 1960, பஞ்சத்தின் கொடுமுடி. 1959 முதல் 1961 வரை மாண்டோர் தொகையை ஆராய்ச்சியாளர்கள் ஒன்றரைக் கோடி என்பர் சிலர். மூன்று கோடி என்பர் பலர். நாலரைக் கோடி என்பாரும் உளர். குறைந்த கணக்கையே கொள்ளுங்கள்: ஒன்றரைக் கோடி உயிர்!

செயற்படும் ஜனநாயகமும் செய்தித்தாள் உரிமையும் உள்ள நாட்டிலே பெரும் பஞ்சம் நிகழ்ந்ததில்லை என்று நம் நாட்டுப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக் காட்டினார். ஏன்? எதிர்க்கட்சிக்காரன் கேள்வி கேட்பான், ஏடு எழுதும், ஆள்வோன் ஓட்டுக்கு அஞ்சி அரிசி அனுப்புவான். சீனத்திலே கேள்வி கேட்ட ஒரு வாயையும் லூ ஷானிலே அடைத்தார்கள். அடைத்தபின், ஊரிலே கோடி வாய்கள் உணவின்றி அடைபட்டன.

போட்டியாளனை ஒழிப்பது அரண்மனைக்குள்ளே நடக்கும் சூதாட்டம், அதனால் நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். பந்தயப் பொருள் நம் தட்டிலே இருக்கும் சோறு!

நாடகம் ஒன்று நாட்டை உலுக்கியது!

1962 சனவரியில் பீகிங்கிலே ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் கூடினர். அங்கே லியூ ஷாவோ சிக்கு மனச்சான்று விழித்தது. பஞ்சத்துக்குக் காரணம் மூன்று பங்கு இயற்கை, ஏழு பங்கு மனிதர் செய்த பிழை என்று ஹுனான் உழவர்கள் கூறுவதை எடுத்துச் சொன்னார். பெங் சொன்னதைத்தான் மூன்றாண்டு கழித்து லியூ சொன்னார். இடையிலே எத்தனை சுடுகாடுகள்! மா சே துங் அந்த மன்றத்திலே தம் பிழையை ஓரளவு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டார், ஆனால் மறக்கவில்லை. அதே மன்றத்திலே, தலைவர் சொற்படி நடந்திருந்தால் தொல்லையே வந்திராது என்று புகழ்மாலை சூட்டினார் லின் பியாவோ. அதையும் தலைவர் மறக்கவில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், நாடகத்துக்கு.

பதினாறாம் நூற்றாண்டிலே, மிங் மரபு ஆட்சியிலே, ஹாய் ருய் என்றோர் அதிகாரி. பேரரசனின் குற்றங்களை எடுத்துரைத்து விண்ணப்பம் எழுதினார். எழுதியவர், தமக்கான சவப்பெட்டியையும் வாங்கி வைத்துவிட்டே அரண்மனைக்கு அனுப்பினார். அத்தகைய நெஞ்சுரம் வேண்டும், ஹாய் ருய்யைப் போல் துணிந்து பேசுங்கள் என்று 1959-இன் தொடக்கத்திலே கட்சியினரைத் தூண்டியவர் யார் தெரியுமா? மா சே துங்கேதான்! அதை மெய்யென்று நம்பினார் வரலாற்றுப் பேராசிரியர் ஊ ஹான். பீகிங் நகரின் துணை மேயர். "ஹாய் ருய் பதவி நீக்கம்" என்றொரு நாடகம் எழுதினார். 1961-இல் அது மேடையேறிற்று.

நான்காண்டுகள் கழித்து, 1965 நவம்பர் 10-ஆம் நாள், ஷாங்காய் ஏடொன்றிலே அந்த நாடகத்தைக் குதறிக் கிழிக்கும் கட்டுரை வெளிவந்தது. அதை ஏவியவர் மா சே துங்கின் துணைவியார் சியாங் சிங். பதவி நீக்கம் என்பதுதான் நாடகத்தின் உயிர்நிலை, பெங் தெ ஹுவாய்தான் அந்த ஹாய் ருய் என்று பிற்பாடு மா சே துங்கே விளக்கவுரை தந்தார். நானூறு ஆண்டுக்கு முன் மாண்ட மன்னன்மீது வீசிய சொல், நாற்காலியிலே இருந்தவரைத் தைத்ததாம்! தைக்கும் என்று தெரிந்தால் அது யார் குற்றம்? நாடகாசிரியன் குற்றமா, உருவ ஒற்றுமையின் குற்றமா?

ஊ ஹான் 1969-இல் சிறையிலே மாண்டார். நாடகாசிரியன் என்ற முறையிலே என் தலை அவருக்குத் தாழ்கிறது. ஆனால், 1957-இல், தம்மோடு ஜனநாயகக் கழகத்திலே பணியாற்றிய நண்பர்களை "வலதுசாரிகள்" என்று மேடையேறிச் சாடியவரும் அவரேதான். அங்கேயும் ஒரு கை, தோழர்களே! அங்கேயும் ஒரு கை!

தன் கையாலே தன் குழி

நாடகாசிரியரிலிருந்து மேயருக்குப் போயிற்று நெருப்பு. மேயர் பெங் சென்னிலிருந்து மேலே ஏறிற்று. 1966 மே 16-ஆம் நாள், கட்சிக்குள்ளே புகுந்துவிட்ட "முதலாளித்துவப் பிரதிநிதிகளை" ஒழிக்கவேண்டும் என்னும் சுற்றறிக்கை, அரசியல் தலைமைக்குழுவின் விரிவான கூட்டத்திலே நிறைவேறிற்று. கலாசாரப் புரட்சியின் பிறப்புச் சீட்டு அது. நிறைவேற்றிய நாளிலே மா சே துங் பீகிங்கிலேயே இல்லை. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்? லியூ ஷாவோ சி! தம்மை வீழ்த்தப் போகும் ஆணையைத் தாமே தலைமை தாங்கி நிறைவேற்றினார். மேயரோடு விடுவார்கள், நம்மிடம் வரமாட்டார்கள் என்று கருதியிருக்கக் கூடும். வெள்ளம் அண்டை வீட்டோடு நின்றுவிடும் என்று நம்பிக் கதவைத் திறந்து வைத்தவரின் கதை அது.

ஜூலையில், எழுபத்திரண்டு வயதிலே யாங்சி ஆற்றிலே நீந்தி, உடல் வலுவை உலகுக்குக் காட்டினார் மா சே துங். ஆகஸ்டு 5-ஆம் நாள் தம் கையாலே எழுதினார் ஒரு சுவரொட்டி: தலைமையகத்தின்மீது குண்டு வீசுங்கள் என்று! கட்சித் தலைவரே கட்சித் தலைமையகத்தைத் தகர்க்கச் சொல்கிறார். எதற்கு? கட்சி என்ற அமைப்பு, விதிமுறை, கமிட்டி, கணக்கு இவையெல்லாம் லியூவின் பக்கம் இருந்தன. அமைப்பை அமைப்பால் வெல்ல முடியாதபோது, அமைப்புக்கு வெளியே இருந்து படை திரட்டப்படுகிறது. பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் செங்காவலர் ஆயினர். ஆகஸ்டு 18-ஆம் நாள் தியானன்மென் சதுக்கத்திலே இலட்சக்கணக்கிலே கூடினர். அரும்பு மீசை முளைக்காத பிள்ளைகள், ஆசிரியரை அடித்தனர். அறிஞரை மண்டியிட வைத்தனர். "எதிர்ப்பது உரிமை" என்று சொல்லிக் கொடுத்தார்கள் பிள்ளைகளுக்கு. யாரை எதிர்ப்பது என்ற பட்டியலை மட்டும் மேலிடம் வைத்துக்கொண்டது!

இரண்டாம் இடத்திலிருந்த லியூ எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 1967-இல் தம் வளாகத்திலேயே கூட்டத்தினர் முன் நிறுத்தப்பட்டு அடியும் வசையும் பெற்றார். அவருடைய துணைவியார் வாங் குவாங் மெய், வெளிநாட்டுப் பயணத்திலே முத்துமாலை அணிந்தவர் என்பதற்காக, பிங்பாங் பந்துகளால் கோத்த மாலையை அணிவித்து, பல்கலைக்கழக மேடையிலே ஏளனப்படுத்தப்பட்டார். குடியரசுத் தலைவருக்கே இந்தக் கதி! அரசியல் சட்டம் இருந்தது. எடுத்துக் காட்டத்தான் இருந்தது. எடுத்துக் காட்டியும் என்ன பயன்? சட்டத்தைக் காக்கும் கைகளையெல்லாம் முன்பே அவரும் சேர்ந்து ஒடித்திருந்தார்களே!

ஐம்பது கணக்கு

இப்பொழுது நாம் தொடங்கிய மண்டபத்துக்கு மீள்வோம், 1968 அக்டோபர்.

மத்தியக் குழுவின் முழு உறுப்பினர்கள் 97 பேர். அவர்களில் பத்துப் பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 87 பேரிலே கூட்டத்துக்கு வரமுடிந்தோர் 40 பேரே. மற்றவர் சிறையிலோ, காவலிலோ, கண்டனத்துக்கு உள்ளாகியோ கிடந்தனர். பாதிப்பேராவது இருந்தாலன்றிக் கூட்டம் செல்லாது. என்ன செய்தார்கள்? மாற்று உறுப்பினர் பத்துப் பேரை முழு உறுப்பினராக உயர்த்தினார்கள். நாற்பதும் பத்தும் ஐம்பது. விதிமுறை வாழ்க!

கவனியுங்கள்! எவ்வளவு கொடிய சர்வாதிகாரியும் விதியை வெளிப்படையாக மிதிக்க விரும்புவதில்லை. கையெழுத்து வேண்டும், கைதூக்கல் வேண்டும், "ஏகமனதாக" என்ற சொல் வேண்டும். ஏன்? பழியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு! தலைவன் தனியாகக் கொன்றால் அது கொலை. ஐம்பது பேர் கை தூக்கினால் அது தீர்மானம். கை தூக்கியவன் நாளைக்கு வாய் திறக்க முடியாது, திறந்தால், "நீயுந்தானே தூக்கினாய்?" என்று கேட்பார்கள்.

அந்த மண்டபத்திலேதான் சென் ஷாவோமின் கை தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்று காங் ஷெங் கேட்டதற்கு, "அது என் உரிமை" என்பதே அம்மையார் தந்த மறுமொழி என்பர். சொற்பொழிவில்லை, அறைகூவலில்லை. உயராத ஒரு கை! அவ்வளவுதான். அதற்குப் பரிசாக ஹெனான் மாநிலத்து உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார், நோயுற்ற உடலோடு.

லியூவுக்கு அந்தச் சேதியை எப்போது சொன்னார்கள் தெரியுமா? நவம்பர் 24-ஆம் நாள். அவருடைய எழுபதாவது பிறந்தநாள்! பிறந்தநாள் பரிசு அது. அடுத்த ஆண்டு, 1969 நவம்பர் 12-ஆம் நாள், கைபெங் நகரத்திலே, குளிர் நடுக்கும் கட்டடத்திலே உயிர் நீத்தார். பிணத்தை எரித்தபோது லியூ வெய் ஹுவாங் என்று பொய்ப்பெயர் எழுதினார்கள். தொழில் என்ற இடத்திலே "ஏதுமில்லை" என்று எழுதினார்கள். நாட்டின் குடியரசுத் தலைவருக்குத் தொழில் ஏதுமில்லை! பெங் தெ ஹுவாயும் காவலிலேயே 1974-இல் மாண்டார். அவர் பிணத்துக்கும் ஒரு பொய்ப்பெயர். வீழ்த்தியவரும் வீழ்ந்தவரும் சாம்பலிலே ஒன்றாயினர், பெயரில்லாமல்.

அரியணைக்கு அடுத்த நாற்காலி

கை தூக்கியும் கைதட்டியும் ஏறியவர் லின் பியாவோ. 1969 ஏப்ரலில் கூடிய கட்சி மாநாடு, மா சே துங்குக்குப் பின் அவரே வாரிசு என்று கட்சிச் சட்டத்திலேயே பெயர் எழுதி வைத்தது. எழுதிய மை காய இரண்டரை ஆண்டு போதவில்லை. 1971 செப்டம்பர் 13-ஆம் நாள், துணைவியோடும் மகனோடும் ஏறிய விமானம் மங்கோலிய மண்ணிலே நொறுங்கி மாண்டார். சதிகாரன், துரோகி என்று அறிவிக்கப்பட்டார். வாரிசு என்று எழுதப்பட்ட நாளிலிருந்தே அவர் போட்டியாளர் ஆகிவிட்டார். சர்வாதிகாரிக்கு அடுத்த நாற்காலி, நாற்காலியல்ல, பலிபீடம்!

டெங் சியாவோ பிங் மூன்று முறை வீழ்ந்து மூன்று முறை எழுந்தவர். கலாசாரப் புரட்சியிலே பதவி பறிபோய், 1969-இல் சியாங்சி மாநிலத்து டிராக்டர் பட்டறையிலே வேலை செய்தார். 1973-இல் திரும்ப அழைத்தார்கள்; 1976-இல் மீண்டும் விலக்கினார்கள். ஏன் அவரைக் கொல்லாமல் வைத்திருந்தார் மா சே துங்? ஒருவரைக் கொண்டு ஒருவரை அடக்குவதற்குக் கையிருப்பு வேண்டுமல்லவா? எல்லாக் காய்களையும் வெட்டிவிட்டால் சதுரங்கம் ஆட முடியாது.

1976 செப்டம்பர் 9-ஆம் நாள் மா சே துங் மறைந்தார். ஒரு திங்கள் முடியுமுன், அக்டோபர் 6-ஆம் நாள், அவருடைய துணைவியார் சியாங் சிங்கும் கூட்டாளிகள் மூவரும் கைதாயினர். நீதிமன்றத்திலே அம்மையார் சொன்னது, தாம் தலைவரின் நாயாக இருந்ததாகவும், கடிக்கச் சொன்னவரைக் கடித்ததாகவும்! கட்டளையிட்டவர் இல்லாதபோது கடித்த வாய்க்கு மட்டுமே தண்டனை.

1980 பிப்ரவரியில் மத்தியக் குழு மீண்டும் கூடிற்று. லியூவின்மீது சுமத்திய குற்றங்கள் பொய் என்று தீர்மானித்தது. என்றென்றைக்கும் விலக்கப்பட்டவர் பன்னிரண்டு ஆண்டு முடியுமுன்னே மீண்டும் தோழர் ஆனார், சாம்பலாக! அன்றும் கைகள் உயர்ந்தன. ஆனால் அன்று உயர்வதற்கு முழு உரிமை படைத்த ஒரே கை அங்கே இல்லை. சென் ஷாவோமின் 1977-லேயே மறைந்துவிட்டார்.

கைக்கு என்ன மதிப்பு?

பட்டறிவு சும்மா போகவில்லை. ஒருவர் கையிலே அதிகாரம் குவிவதும், ஆயுள் முழுதும் பதவியிலே இருப்பதும் கேடு என்று 1980-இல் டெங் எடுத்துரைத்தார். 1982-இல் இயற்றிய அரசியல் சட்டத்திலே, குடியரசுத் தலைவர் தொடர்ந்து இருமுறைக்கு மேல் பதவி வகிக்கலாகாது என்று எழுதினர். நல்ல பூட்டு! 2018 மார்ச்சு 11-ஆம் நாள் அந்தப் பூட்டைக் கழற்றினார்கள். ஆதரவு 2,958 வாக்கு, எதிர்ப்பு 2, நடுநிலை 3. பூட்டைச் செய்தது தாளிலே; அதைக் காக்க வேண்டிய கைகளைச் செய்ய மறந்தார்கள். சட்டம் சாவியல்ல, தோழர்களே! நெஞ்சுரம் சாவி.

இது சீனத்துக்கு மட்டும் உரிய நோயா? இல்லை. செஞ்சட்டையோடு பிறந்ததுமில்லை, செஞ்சட்டையோடு சாவதுமில்லை. 1934 ஜூன் இறுதியிலே, தன்னை ஏற்றிவிட்ட ரோமையும் அவன் கூட்டத்தையும் சுட்டுத் தள்ளினான் இட்லர். ஜூலை 3-ஆம் நாள், சுட்டது சட்டப்படி சரியே என்று அவன் அமைச்சரவை சட்டம் செய்தது. அங்கேயும் முதலிலே துப்பாக்கி, பிறகு தாள் என்று தோன்றும். ஆனால் அமைச்சரவையிலே கை தூக்கியவர்கள் இருந்தார்களே, அவர்கள் இல்லாவிடில் அந்தத் தாள் ஏது?

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். பெரிய தத்துவம் பேசத் தெரியாது. மேடைக்கதை மட்டும் தெரியும். இந்தக் கதையிலே வில்லன் ஒருவன் என்று முடித்துவிட்டால் நாமெல்லாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் என் கண்ணுக்குத் தெரிவது, மா சே துங்கின் கை அல்ல. அவரைச் சூழ்ந்து உயர்ந்த நூறு கைகள். அவற்றில் ஒன்று நம் கையாக இருந்திருக்குமோ என்ற அச்சமே என்னை இந்த உரையைப் பேச வைத்தது.

கட்சி என்பது கட்டுப்பாடு. அதை மறுப்பவன் நானல்ல. பெரும்பான்மை முடிவுக்குப் பணிவது ஊழியனின் கடமை. துரோகம் மெய்யாகவே நேருவதுண்டு. அதை விலக்குவதும் வேண்டுவதே. ஆனால், பணிவது முடிவு வந்த பிறகு. எண்ணிப் பார்ப்பது முடிவு வருமுன். இந்த வரிசையை மாற்றினால் கட்டுப்பாடு, கட்டாகிவிடும்!

ஆகவே தோழர்களே! நாளைக்கு உங்கள் கிளைக் கூட்டத்திலே, அது பத்துப் பேர் கூடும் தெருமுனைக் கூட்டமாகவே இருக்கட்டும், ஒரு தோழரை விலக்கத் தீர்மானம் வந்தால், கையைத் தூக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். குற்றச்சாட்டு என்ன? அது எழுத்திலே உண்டா? குற்றம் சாட்டப்பட்டவர் பேச இடமளித்தோமா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் மனம் ஒப்பினால், நிமிர்ந்து கை தூக்குங்கள். கிடைக்காவிட்டால், அந்தக் கை மடியிலேயே இருக்கட்டும். "யார் பக்கம் நிற்கிறாய்?" என்று கேட்பார்கள். "செய்தி உண்மையா?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் உங்களுக்குப் பிடிக்காதவராகவே இருக்கலாம். உங்கள் பதவிக்குப் போட்டியாளராகவே இருக்கலாம். அப்போதுதான் அந்தக் கேள்வி மிக மிகத் தேவை! வேண்டியவருக்காக நியாயம் கேட்க வீரம் தேவையில்லை.

கடிந்து சொல்லும் துணைவரைப் பேணுவது தலைவனுக்கு வலிமை என்று வள்ளுவர் வற்புறுத்தினார். நல்ல தலைவனுக்கு அத்தகைய தொண்டன் அரண். தீய தலைவனுக்கு அவனே தடை. இரண்டு நிலையிலும் நாட்டுக்கு அவன் தேவை.

அந்த மண்டபத்திலே, உயர்ந்த கைகளுக்குரியோர் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சொல்லமுடியும்? உயராத கைக்கு உரியவர் பெயர் சென் ஷாவோமின். அதை நெஞ்சிலே எழுதிக்கொண்டு எழுந்து செல்லுங்கள்.